பேச்சின் இருப்பிடம்

பாரிஸ் நகரை அடுத்த பிசேத்ர் மருத்துவமனையில் 21 ஆண்டுகள் வாழ்ந்த நோயாளி ஒருவர், எதைக் கேட்டாலும் “டான், டான்” என்றே விடையிறுப்பார். கோபம் மிகுந்தால் மட்டும் ஒரு வசைச்சொல் வெளிப்படுமாம்! ஆயினும் பிறர் கூறுவதைப் பெரும்பாலும் அவர் உணர்ந்தார். எத்தனை ஆண்டுகளாக இங்கிருக்கிறீர் என்று வினவியபோது, ஐந்து விரல்களையும் நான்கு முறை விரித்து, பின்னர் ஒரு விரலைக் காட்டினார். பொருள் நெஞ்சில் நிற்க, சொல் நாவில் வாராத சங்கடம் மொழிபெயர்ப்பாளனாகிய எனக்கும் உண்டு. அதிலேயே ஓர் ஆயுளைக் கழிப்பதை எண்ணவும் அஞ்சுகிறேன்.

1861 ஏப்ரல் 17-இல் அவர் இறந்தார். அவரது மூளையை மறுநாளே பாரிஸ் மானிடவியல் சங்கத்தின் முன் வைத்தார் டாக்டர் பால் புரோக்கா. பெருமூளையின் முன்மடலில் இடப்புறம் சிதைந்திருந்தது. எனினும் பேச்சுக்கு இடப்பாதியே முதன்மையானது என்று அவர் துணிந்து கூறியது 1865-இல்தான். அந்த நிதானமே அவர் பெருமை. மண்டையோட்டின் மேடுபள்ளங்களைத் தடவிக் குணம் கூறியோர் மலிந்திருந்த நூற்றாண்டு அது.

1874-இல் ஜெர்மானியரான கார்ல் வெர்னிக்கே, சொற்பொருளை உணர்வதற்குரிய பகுதி பின்னே, பொட்டு மடலில் உள்ளதென்றார்.

புரோக்கா அம்மூளையை அறுக்காமல் பாதுகாத்து வைத்தார். 2007-இல் வெளியான காந்த அதிர்வுப் படங்கள், அவர் கண்ணுக்குப் புலப்படாத ஆழத்திலும் சேதம் பரவியிருந்ததைக் காட்டின.