மறையூர்ப் பாகு

சித்திரபுரத்திலிருந்து மூணாறு வழியாக மலையிறங்கினால் மறையூர். அங்கே கரும்பாலைக் கொட்டகையில் தாத்தாவோடு விடிய விடிய உட்கார்ந்திருக்கிறேன். கொப்பரையில் சாறு கொதிக்கும்போது ஒரு கை சுண்ணாம்பு போடுவார். "புளிச்சா கட்டாதுடா" என்பார், அவ்வளவுதான்.

காரணம் கல்லூரியில் புரிந்தது. கரும்பின் இனிப்பான சுக்ரோஸ், குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் கைகோத்த இரட்டைச் சர்க்கரை. சாற்றின் புளிப்பும் சூடும் சேர்ந்தால் அந்தப் பிணைப்பு அறுந்துவிடும். பிரிந்தவை ஈரத்தை இழுக்கும், வெல்லம் இளகும். சுண்ணாம்பு புளிப்பை முறிக்கிறது. வெட்டிய கரும்பை வெயிலில் போட்டுவைத்தாலும் இதே கேடுதான்; அதனால் அன்றன்றே ஆட்டுவார்கள்.

பாகைத் தண்ணீரில் சொட்டி, விரலால் உருட்டிப் பதம் பார்ப்பார் தாத்தா. சூடு ஆறுமுன் கையாலேயே உருண்டை பிடிப்பார்கள். விரல் தடம் அப்படியே பதிந்திருக்கும். 2019-இல் மறையூர் வெல்லத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தத் தடங்களுக்குக் கிடைத்ததாகவே நான் நினைக்கிறேன்.