குமானோ ஹொங்கூ தைஷா

குமானோ ஹொங்கூ தைஷா என்பது சப்பான் நாட்டின் வாகயாமா மாகாணத்தில், கீ தீபகற்பத்து மலைகளின் நடுவே அமைந்துள்ள ஒரு ஷிந்தோ கோயில் ஆகும். 'ஹொங்கூ' என்பது தலைமைக் கோயில் என்றும், 'தைஷா' என்பது பெருங்கோயில் என்றும் பொருள்படும். குமானோவின் மூன்று பெருங்கோயில்களுள் இது ஒன்று. கடலை ஒட்டிய ஷிங்கூ நகரிலுள்ள ஹயதாமா தைஷாவும், அருவிக்குப் பெயர்பெற்ற நாச்சி தைஷாவும் ஏனைய இரண்டாகும். சப்பானெங்கும் பரவியுள்ள குமானோ கிளைக் கோயில்களுக்கு இம்மூன்றுமே தாய்க்கோயில்கள். கீ மலைத்தொடரின் புனிதத் தலங்களும் யாத்திரைப் பாதைகளும் 2004 ஆம் ஆண்டு யுனெசுக்கோவின் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டபோது இக்கோயிலும் அதில் சேர்க்கப்பட்டது.

இக்கோயில் இன்று இருக்கும் இடம் அதன் பழைய இடம் அன்று. 1889 இல் ஏற்பட்ட பெருவெள்ளத்திற்குப் பின்னரே இது மேட்டுக்கு இடம் மாற்றப்பட்டது. ஆதலால் இங்கு வருவோர் மேட்டிலுள்ள கோயிலையும், ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் தொலைவில் ஆற்றோரம் வெறுமையாக உள்ள பழைய திடலையும் சேர்த்தே வழிபடுகின்றனர்.

பழைய இடமும் வெள்ளமும்

குமானோ, ஒத்தோனாஷி, இவாத்தா ஆகிய ஆறுகள் கூடுமிடத்தில் உள்ள மணல்திட்டு ஓயுனோஹாரா எனப்படும். பன்னிரு தெய்வங்களுக்கான சன்னதிகள் ஐந்து கட்டடங்களாக இங்கு நின்றன. அவற்றுடன் மாடவாயிலும் நடன மண்டபமும் நோ நாடக மேடையும் இருந்தன. வளாகம் இன்றையதைப் போலப் பல மடங்கு பெரியது. எடோ காலத்திற்கு முன்னர் அங்குச் செல்லப் பாலம் இருக்கவில்லை. யாத்திரிகர்கள் ஒத்தோனாஷி ஆற்றில் இறங்கி, நனைந்த காலுடனேயே கோயிலுக்குள் நுழைந்தனர். ஆற்றைக் கடப்பதே இறுதித் தூய்மைச் சடங்காகக் கருதப்பட்டது.

1889 ஆகத்து மாதத்தில் பெய்த கடும் மழையால் மேல்நிலத்துத் தொத்சுகாவா பள்ளத்தாக்கில் மலைச்சரிவுகள் பெயர்ந்து விழுந்தன. விழுந்த மண் ஆற்றை மறித்ததால் தற்காலிக ஏரிகள் தோன்றின. பின்னர் அவை உடைந்து கீழ்நோக்கிப் பாய்ந்தன. தொத்சுகாவாவில் மட்டும் 168 பேர் இறந்தனர். நிலமிழந்த சுமார் 2,500 பேர் அதே ஆண்டில் வடக்கே ஹொக்கைடோ தீவுக்குக் குடிபெயர்ந்து, 'புதிய தொத்சுகாவா' எனப் பொருள்படும் ஷிந்தொத்சுகாவா என்னும் ஊரை உருவாக்கினர். ஹொங்கூவில் வெள்ளம் வளாகத்தின் பெரும்பகுதியை அடித்துச் சென்றது. மெய்ஜி காலத்தில் மேல்நிலத்துக் காடுகள் மிகுதியாக வெட்டப்பட்டமை அழிவைப் பெருக்கியது எனக் கூறப்படுகிறது.

எஞ்சிய மேல் நான்கு சன்னதிகளின் கட்டடங்கள் பிரித்தெடுக்கப்பட்டு, 1891 இல் அருகிலுள்ள மேட்டில் மீண்டும் நிறுவப்பட்டன. எனவே இடம் மாறினாலும் இவை 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பப்பட்ட பழைய கட்டடங்களே. ஹினோக்கி மரப்பட்டையால் வேயப்பட்ட தடித்த கூரையும், வண்ணம் பூசப்படாத மரமும் கொண்ட இவை 1995 இல் முக்கிய பண்பாட்டுச் சொத்துகளாக அறிவிக்கப்பட்டன. அழிந்த எட்டுச் சன்னதிகளின் தெய்வங்களுக்கு ஓயுனோஹாராவிலேயே இரு சிறு கல் சன்னதிகள் அமைக்கப்பட்டன. அங்கு ஒளிப்படம் எடுக்க அனுமதி இல்லை. ஆளரவமற்ற புல்வெளியும் உயர்ந்த மரங்களும் மட்டுமே காணப்படும் இவ்விடத்தைப் பார்க்காமல் மேட்டுக் கோயிலுடன் திரும்பிவிடுவோர், ஹொங்கூவின் பாதியைத் தவறவிட்டவர் ஆவர்.

திடலின் நுழைவில் 2000 ஆம் ஆண்டு எழுப்பப்பட்ட தோரீ எனும் நுழைவளைவு, 33.9 மீட்டர் உயரமும் 42 மீட்டர் அகலமும் உடையது. எஃகாலான இது வயல்களுக்கு நடுவே தொலைவிலிருந்தே தெரியும். (தோரீ என்னும் சொல்லைத் தோரணம் என்பதுடன் தொடர்புபடுத்துவோரும் உளர், இது உறுதிப்படுத்தப்படவில்லை.)

தெய்வங்கள்

முதன்மைத் தெய்வம் கெத்சுமிமிகோ. இத்தெய்வம் சப்பானியத் தொன்மங்களில் வரும் சூசானோவாகவும் கொள்ளப்படுகிறது. பௌத்தம் பரவிய பின்னர் ஷிந்தோ தெய்வங்கள் புத்தர்களின் வெளிப்பாடுகளே என்னும் கருத்து வலுப்பெற்றது. அதன்படி கெத்சுமிமிகோ அமிதாப புத்தராகவும், ஹயதாமா மருத்துவ புத்தராகவும், நாச்சியின் பூசுமி ஆயிரங்கை அவலோகிதராகவும் வணங்கப்பட்டனர். 1868 இல் மெய்ஜி அரசு இரு சமயங்களையும் பிரிக்க ஆணையிட்டதால் பௌத்தக் கூறுகள் பெரும்பாலும் நீக்கப்பட்டன.

யாத்திரை

11 முதல் 13 ஆம் நூற்றாண்டு வரை, பட்டம் துறந்த பேரரசர்கள் கியோத்தோவிலிருந்து பெரும் பரிவாரத்துடன் இங்கு வந்தனர். கோ-ஷிராகாவா முப்பதுக்கும் மேற்பட்ட முறை வந்தார். 1201 இல் கோ-தோபாவுடன் வந்த கவிஞர் புஜிவாரா நோ தெய்கா எழுதிய நாட்குறிப்பு, அக்கால யாத்திரையின் களைப்பையும் நோயையும் மறைக்காமல் பதிவு செய்கிறது. பின்னர் எளிய மக்களும் சாரை சாரையாக வந்ததால் 'எறும்புகளின் குமானோ யாத்திரை' என்னும் வழக்கு உண்டாயிற்று.

பெண்களையும் நோயாளிகளையும் பார்வையற்றோரையும் குமானோ விலக்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. மாதவிலக்குக் காரணமாகக் கோயிலை நெருங்கத் தயங்கிய பெண்கவி இசுமி ஷிகிபுவைத் தெய்வமே கனவில் வரவேற்றதாக ஒரு கதை உண்டு. இதே தீபகற்பத்தில், இதே உலகப் பாரம்பரியக் களத்தின் பகுதியான ஓமினே மலையின் சன்ஜோகாதாகே சிகரத்தில் பெண்களுக்கு இன்றும் அனுமதி இல்லை என்பதை ஒப்பிட்டால் இதன் அருமை விளங்கும்.

பாதை நெடுகிலும் 'ஓஜி' எனப்படும் சிறு சன்னதிகள் உள்ளன. இவற்றுள் ஹொஷின்மோன் ஓஜி கோயிற் புனித எல்லையின் வாயிலாகும். இங்கிருந்து கோயில் வரையிலான சுமார் 7 கிலோமீட்டர் பாதையைச் சிற்றூர்களும் தேயிலைத் தோட்டங்களும் காடும் வழியாக இரண்டு மூன்று மணி நேரத்தில் நடந்து கடக்கலாம். இடையிலுள்ள புஷிஓகாமி ஓஜியில்தான் யாத்திரிகர்கள் ஆற்றுத் திடலை முதன்முறை கண்டு மண்ணில் விழுந்து வணங்கினர். அதன் பெயரும் 'விழுந்து வணங்குதல்' எனப் பொருள்படுவதே.

காடுகளைக் காத்தல்

வெள்ளம் நிகழ்ந்து இருபது ஆண்டுகள் ஆகுமுன் இப்பாதை வேறோர் அழிவைச் சந்தித்தது. ஊருக்கு ஒரு கோயில் போதும் என்னும் நோக்கில் சப்பானிய அரசு 1906 இல் கோயில் இணைப்புக் கொள்கையைத் தீவிரப்படுத்தியது. நாடெங்கும் சுமார் 70,000 சிறு கோயில்கள் ஒழிந்தன. மியே, வாகயாமா மாகாணங்களில் இது மிகக் கடுமையாக இருந்தது. மூடப்பட்ட கோயில்களின் தொன்மரங்கள் விற்பனைக்காக வெட்டப்பட்டன. ஓஜிகள் பலவும் அழிந்தன.

இதனை எதிர்த்தவர்களுள் முதன்மையானவர் தனாபேயில் வாழ்ந்த இயற்கையியலாளர் மினகாத்தா குமகுசு (1867–1941). இலண்டனில் பல ஆண்டுகள் பயின்ற இவர், சளிப்பூஞ்சை ஆய்வுக்காகக் கோயிற் காடுகளைத் தேடி அலைந்தவர். மரங்களை வெட்டினால் பூச்சி, பறவை, நீர், ஊர்மக்களின் ஒற்றுமை எல்லாம் ஒன்றாகக் கெடும் என வாதிட்டார். அதற்கு, அன்று புதிதாயிருந்த சூழலியல் என்னும் சொல்லையே 1911 இல் கையாண்டார். முந்தைய ஆண்டில் ஓர் அரசு அலுவலரைச் சந்திக்கக் கூட்டத்திற்குள் வலிந்து நுழைந்ததற்காக 18 நாள் காவலில் இருந்தார். ஹொங்கூ பாதையிலுள்ள சுகிசக்குரா ஓஜியின் மரங்களில் பல வெட்டப்பட்டபோதும், இவரது முயற்சியால் எஞ்சிய பெரிய சுகி மரங்களை இன்றும் காணலாம். அவற்றின் கிளைகள் பெரும்பாலும் தெற்கு நோக்கியே நீண்டிருப்பதால், அவை நாச்சியை வணங்குவதாக மக்கள் கூறுவர். இணைப்புக் கொள்கை 1920 இல் முடிவுக்கு வந்தது.

வழிபாடு

தோரீயின் முன் ஒருமுறை தலைதாழ்த்தி, நடுப்பகுதி தெய்வத்தின் வழி என்பதால் ஓரமாக நடக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டியில் அகப்பையால் இடக்கை, வலக்கை, வாய் என்னும் வரிசையில் கழுவுவர். பின்னர் 158 கற்படிகளை ஏற வேண்டும். சன்னதி முன் இருமுறை வணங்கி, இருமுறை கைதட்டி, மீண்டும் ஒருமுறை வணங்குவது முறை. இங்கு இடமிருந்து வலமாக வழிபடுவதில்லை. நடுவிலுள்ள மூன்றாம் சன்னதியில் தொடங்கி இரண்டாவது, முதலாவது, நான்காவது என்று செல்ல வேண்டும்.

கோயில் எங்கும் காணப்படும் மூன்று கால் காகமான யத்தகராசு, பேரரசர் ஜின்முவுக்கு மலைவழி காட்டியதாகத் தொன்மம் கூறுகிறது. சப்பான் கால்பந்துச் சங்கத்தின் சின்னத்தில் உள்ளதும் மூன்று கால் காகமே. இங்கு வழங்கப்படும் 'கோஓ' காப்புத் தாளில் எழுத்துகள் 88 காகங்களால் ஆனவை. முற்காலத்தில் உறுதிமொழிகளை இத்தாளின் பின்புறம் எழுதுவர். மீறினால் குமானோவின் காகம் ஒன்று இறக்கும், மீறியவரும் குருதி கக்கி மாள்வார் என நம்பப்பட்டது. ஒப்பந்தத்தின் ஒரு தரப்பாகக் காகத்தையும் சேர்த்த ஏற்பாடு இது!

பெருவிழா ஏப்ரல் 13 முதல் 15 வரை நடைபெறும். முதல்நாளில் தந்தையர் தம் சிறு ஆண் குழந்தைகளை யுனோமினே வெந்நீரூற்றில் நீராட்டி, கால் தரையில் படாதவாறு தோளில் சுமந்து வருவர். நிறைவுநாளில் தெய்வம் பல்லக்கில் ஓயுனோஹாராவுக்கு எழுந்தருளும்.

பயணம்

ஹொங்கூவுக்குத் தொடருந்து வசதி இல்லை. கீ-தனாபே நிலையத்திலிருந்து சுமார் இரண்டு மணி நேரமும், ஷிங்கூவிலிருந்து அதனினும் குறைந்த நேரமும் பேருந்தில் செல்ல வேண்டும். பேருந்துகள் குறைவு என்பதால் நடைப்பயணிகள் நேர அட்டவணையை முன்னரே பார்த்துக்கொள்வது நன்று. தங்குவதற்கு யுனோமினே ஏற்றது. அங்குள்ள சுபோயு என்னும் சிறு குளியலறையில் இருவர் மட்டுமே ஒரே நேரத்தில் நீராடலாம். இதுவும் உலகப் பாரம்பரியக் களத்தின் ஒரு பகுதியாகும்.