வாட்டர்கலர் பிரஷ்: எந்த சைஸ், எந்த ஷேப்... முக்கியமா, யாரோட முடி?

பெயின்ட் பாக்ஸ் வாங்கியாச்சு. பேப்பரும் வாங்கியாச்சு. பிரஷ் தேட ஆரம்பிச்சாதான் தலை சுத்துது. ரவுண்ட், ஃப்ளாட், மாப், ரிகர் என்று ஷேப்பிலேயே பல வகை. நைலான், அணில் முடி, கோலின்ஸ்கி என்று முடியிலும் பல வகை. டீ, வடை செலவுக்கு 12 பிரஷ் செட் கிடைக்குது. ஒரே ஒரு பிரஷ் சில ஆயிரம் ரூபாய்க்கும் விற்குது. எதை வாங்குவது?

சுருக்கமான பதில் இதுதான்: தொடங்குபவருக்கு மூணு பிரஷ் போதும். அந்த மூணும் நீங்கள் நினைப்பதைவிடக் கொஞ்சம் பெரிய சைஸில் இருக்கணும். வாங்குவதற்கு முன்னால் 'இது எந்த விலங்கோட முடி?' என்று கட்டாயம் கேட்கணும். ஏன் என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பிரஷ் என்பது ஒரு குட்டி தண்ணித் தொட்டி

ஆயில் பெயின்டிங்கில் பிரஷ்ஷின் வேலை பெயின்ட்டைத் தள்ளுவது. வாட்டர்கலரில் அதன் வேலையே வேற. தண்ணியைச் சுமந்துபோய், வேண்டிய இடத்தில், வேண்டிய அளவு மட்டும் இறக்கி வைக்கணும். அதனால் நல்ல வாட்டர்கலர் பிரஷ்ஷுக்கு இரண்டு அடையாளம். வயிறு பெருசா இருக்கணும். நுனி கூர்மையா இருக்கணும்.

இதைப் புரிந்துகொள்ள, திருத்தணியிலிருந்து எல்லையைத் தாண்டி ஆந்திரப் பக்கம் போனால் நல்ல உதாரணம் இருக்கு. திருப்பதிக்கு அந்தப் பக்கம் உள்ள ஸ்ரீகாளஹஸ்தியின் கலம்காரி ஓவியர்கள் துணியில் வரைவது முடி பிரஷ்ஷால் அல்ல, 'கலம்' என்கிற குச்சியால். மூங்கில் குச்சியைக் கூராகச் சீவி, நுனிக்குக் கொஞ்சம் மேலே கம்பளியோ துணியோ சுற்றி, நூலால் இறுக்கிக் கட்டுவார்கள். அந்தத் துணி உருண்டை சாயத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். விரலால் லேசாக அழுத்தினால் சாயம் இறங்கி நுனிக்கு வரும். உருண்டைதான் வயிறு, குச்சி முனைதான் நுனி. கோடு போடக் கூர்மையான கலம் ஒன்று, வண்ணம் நிரப்ப மழுங்கிய கலம் ஒன்று என்று பிரித்தும் வைத்திருப்பார்கள். வாட்டர்கலர் பிரஷ்ஷின் அடிப்படையும் இதேதான்.

முடி பிரஷ்ஷில், முடிகளுக்கு நடுவே இருக்கும் நுண்ணிய இடைவெளிகளில் தண்ணி தங்குது. இயற்கை முடியின் மேல்பரப்பில் நுண்ணிய செதில்கள் இருப்பதால் அது அதிகம் பிடித்து, மெதுவாக விடும். சாதாரண நைலான் இழை வழவழப்பானது. குறைவாகப் பிடிக்கும், தொட்ட உடனே கொட்டிவிடும். விலை வித்தியாசத்தின் முக்கியமான காரணம் இது.

திருத்தணியை வரைந்தால் எது எதுக்கு?

பிரஷ் ஷேப்களை மனப்பாடம் செய்வதைவிட, ஒரு ஊரை வரைவதாக நினைத்துப் பார்த்தால் ஈஸியாகப் புரியும். அதுக்கு திருத்தணி பொருத்தமான ஊர். மலை உச்சியில் முருகன் கோயில், ஏறிப்போக 365 படிகள், இரு பக்கமும் நிறத்தில் வேறுபட்ட இரண்டு மலைகள். வெளிறித் தெரிவது பச்சரிசி மலை, கருத்துத் தெரிவது பிண்ணாக்கு மலை. வாட்டர்கலர் பழகுபவருக்கு ஊரே இரண்டு டோனை எடுத்துக் கொடுத்திருக்கு!

*வானம்:* ஒரே இழுப்பில், இடையில் காயாமல் வண்ணம் பரவணும். இதுக்கு மாப் அல்லது ஒரு இன்ச் ஃப்ளாட். மாப் என்பது உருண்டையாகப் பருத்த, மெத்தென்ற பிரஷ். தண்ணியை நிறையக் குடிக்கும்.

*இரண்டு மலைகள்:* பெரிய ரவுண்ட். வயிற்றை அழுத்தினால் மலையின் உடம்பு, நுனியால் ஓட்டினால் மலை விளிம்பு. ஒரே பிரஷ்ஷில் இரண்டு வேலையும் முடியும்.

*படிக்கட்டு:* ஃப்ளாட் பிரஷ்ஷின் விளிம்பு. ஒவ்வொரு படிக்கும் ஒரு தட்டு, அவ்ளோதான். ரவுண்ட் பிரஷ்ஷால் படிகளைக் கோடு கோடாகப் போட்டால் ஏணி மாதிரிதான் வரும்.

*ஆடிக்கிருத்திகைக் கூட்டம்:* நம்பர் 6 ரவுண்ட். காவடி தூக்கிவரும் ஒருவருக்குத் தலை ஒரு புள்ளி, உடம்பு ஒரு அழுத்தம், தோளில் காவடி ஒரு வளைவு. முகம், கண், மூக்கு எல்லாம் வேண்டாம். மஞ்சள் அழுத்தங்கள் பத்து சேர்ந்தாலே கூட்டம் வந்துவிடும்.

*ஸ்டேஷன் பக்கத்து மின்கம்பிகள்:* ரிகர். ஒல்லியான, நீள முடி பிரஷ். கப்பலின் பாய்மரக் கயிறுகளை வரையப் பயன்பட்டதால் இந்தப் பெயர். முடி நீளமாக இருப்பதால் வண்ணம் தீராமல் நீளக் கோடு இழுக்கலாம்.

இங்கே இன்னொரு விஷயம், வெயில். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் வெளியே உட்கார்ந்து வரைந்தால் வண்ணம் சில நொடிகளில் காயும். நம்பர் 3 பிரஷ்ஷால் வானத்தை நிரப்பிக்கொண்டு வந்தால், அடுத்த முறை தண்ணி தொட்டு வருவதற்குள் முந்தைய ஓரம் காய்ந்து கோடாக நின்றுவிடும். 'எனக்கு வாஷ் சரியா வரலை' என்று பலர் சொல்லும் பிரச்னைக்குக் கை மட்டும் காரணமில்லை, பிரஷ் சைஸும் காரணம். நம் வெயிலுக்குப் பெரிய பிரஷ் ஆடம்பரம் இல்லை, தேவை.

நம்பர் குழப்பம்

ரவுண்ட் பிரஷ்ஷில் நம்பர் கூடக் கூடத் தடிமன் கூடும். 0, 00, 000 என்று சைபர் கூடினால் இன்னும் ஒல்லி. ஆனால் எல்லா கம்பெனிக்கும் பொதுவான அளவு கிடையாது. ஒரு கம்பெனியின் 8, இன்னொரு கம்பெனியின் 6 அளவே இருக்கலாம். ஆன்லைனில் வாங்கினால் நம்பரை மட்டும் பார்க்காமல் மில்லிமீட்டர் அளவையும் பாருங்கள். ஃப்ளாட் பிரஷ்கள் பெரும்பாலும் இன்ச் அகலத்தில் வரும்.

இப்போ முக்கியமான கேள்வி: யாரோட முடி?

வயல் வரப்பில் சட்டென்று குறுக்கே ஓடும் கீரிப்பிள்ளையைப் பார்த்திருப்பீர்கள். எலியையும் பாம்பையும் பிடிக்கும் அந்த விவசாயி நண்பனின் முடி, பல காலமாக இந்தியாவில் பிரஷ் தயாரிக்கப் பயன்பட்டது. விறைப்பும் கூர்மையும் இருப்பதால் ஓவியர்கள் விரும்பி வாங்கினார்கள்.

ஆட்டுக்கு முடி வெட்டுவதுபோல கீரிக்கு வெட்டி எடுப்பதில்லை. பொறி வைத்துப் பிடித்து, கொன்றுதான் எடுக்கிறார்கள். ஒரு கீரியிலிருந்து பிரஷ்ஷுக்குத் தேறுவது சுமார் 20 கிராம் முடிதான். அப்படியென்றால் ஒரு கிலோ முடிக்கு ஏறக்குறைய 50 கீரிகள்.

வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம், 1972-ன்படி கீரி பாதுகாக்கப்பட்ட விலங்கு. அதன் முடியையோ, அந்த முடியில் செய்த பிரஷ்ஷையோ விற்பதும் வாங்குவதும் சிறைத்தண்டனை வரை போகக்கூடிய குற்றம். ஆனாலும் வியாபாரம் ரகசியமாக நடந்தது. 2019-ல் மத்திய அரசின் வனவிலங்கு குற்றத் தடுப்புப் பிரிவு 'ஆபரேஷன் க்ளீன் ஆர்ட்' என்ற பெயரில் பல மாநிலங்களில் சோதனை நடத்தியது. பிரஷ் தயாரிப்புக்குப் பெயர்போன உத்தரப்பிரதேசத்தின் ஷேர்கோட் நகரமும் அதில் ஒன்று. 50,000-க்கும் மேற்பட்ட பிரஷ்களும், 100 கிலோவுக்கு மேல் கீரி முடியும் சிக்கின. மேலே சொன்ன கணக்கைப் போட்டால், அந்த மூட்டைகளில் மட்டும் 5,000 கீரிகள்!

எப்படிக் கண்டுபிடிப்பது? கீரி முடியில் அடர்பழுப்பும் வெளிர் மஞ்சளும் பட்டை பட்டையாகத் தெரியும். ஆனால் சிந்தெடிக் இழைக்கும் அதேபோல சாயம் ஏற்றி விற்கிறார்கள் என்பதால் கண்ணை மட்டும் நம்ப முடியாது. 'நேச்சுரல் ஹேர்' என்று மட்டும் போட்டு, விலங்கின் பெயர் போடாத பிரஷ்ஷைத் தவிர்ப்பதுதான் பாதுகாப்பு. கடைக்காரரிடம் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

மற்ற முடிகள்:

*கோலின்ஸ்கி:* சைபீரியன் வீசல் என்ற, உருவத்தில் கீரியை நினைவுபடுத்தும் சின்ன விலங்கின் வால்முடி. வாட்டர்கலர் உலகின் ராஜா இதுதான், விலையும் அப்படியே. இந்த விலங்கு நம் இமயமலைப் பகுதியிலும் உண்டு. அதன் சர்வதேச வணிகத்தைக் கண்காணிக்கும் சைட்டீஸ் பட்டியலில் அதைச் சேர்த்ததே இந்தியாதான்.

*அணில்:* இது நம் வீட்டு மாடியில் ஓடும் மூணு கோடு அணில் இல்லை, குளிர்நாட்டு அணில். மாப் பிரஷ்களில் அதிகம் வரும். தண்ணி நிறையப் பிடிக்கும், ஆனால் துவண்டுவிடும்.

*ஒட்டகம்:* 'கேமல் ஹேர்' பிரஷ்ஷில் பொதுவாக ஒட்டக முடியே இருக்காது! அணில், குதிரைக்குட்டி, ஆடு என்று கலவையான முடிக்கு வைத்த வியாபாரப் பெயர் அது. நம் ஊர் 'கேமல்' பிராண்டோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

*சிந்தெடிக்:* பழைய நைலான் பிரஷ்ஷை நினைத்து ஒதுக்காதீர்கள். தடிமனும் வடிவமும் மாறுபடும் இழைகளைக் கலந்து, இயற்கை முடிபோல தண்ணி பிடிக்கும் வகைகள் இப்போது வந்துவிட்டன. தொடங்குபவருக்கு இது தாராளமாகப் போதும். சட்டச் சிக்கலும் இல்லை, மனச் சிக்கலும் இல்லை.

கடையில் 30 செகண்ட் டெஸ்ட்

புது பிரஷ் கூராக இருப்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள். அது பசை போட்டு ஒட்டிய கூர்மை. கடைக்காரர் அனுமதித்தால் ஒரு கப் தண்ணியில் நன்றாக அலசி, பசையை எடுத்துவிட்டுப் பாருங்கள்.

1. ஒரு உதறு உதறுங்கள். முடி எல்லாம் ஒரே நுனியில் கூடணும். இரண்டாகப் பிரிந்தால் வேண்டாம்.

2. உள்ளங்கையில் லேசாக வளைத்து விடுங்கள். பழைய நிலைக்குத் திரும்பணும். மாப் மட்டும் விதிவிலக்கு, அது துவளத்தான் செய்யும்.

3. முடியைப் பிடித்திருக்கும் உலோகக் குழலை ஆட்டிப் பாருங்கள். ஆடினால் சீக்கிரமே கைப்பிடி தனியாக வந்துவிடும்.

சென்னைக்கு எலெக்ட்ரிக் ட்ரெயினில் போய்வரும் திருத்தணிக்காரர்கள், பாரிமுனைப் பக்கம் உள்ள ஸ்டேஷனரி கடைகளில் நேரில் பார்த்தே வாங்கலாம். ஆன்லைன் என்றால் திருப்பி அனுப்பும் வசதி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் மூணு பிரஷ்

ஏ5, ஏ4 பேப்பரில் வரைபவருக்கு:

• நம்பர் 10 ரவுண்ட், சிந்தெடிக். வேலையில் முக்கால்வாசி இதிலேயே முடியும். பட்ஜெட்டில் பெரும்பங்கை இதுக்கே ஒதுக்குங்கள்.

• முக்கால் அல்லது ஒரு இன்ச் ஃப்ளாட். வானம், சுவர், படிக்கட்டுக்கு.

• நம்பர் 4 அல்லது 6 ரவுண்ட். சின்னச் சின்ன விவரங்களுக்கு.

ரிகர், மாப் எல்லாம் ஆறு மாதம் கழித்து, தேவை தெரிந்து வாங்கலாம். மலையேறும்போது வரையப் பிடிக்கும் என்றால், கைப்பிடிக்குள் தண்ணி நிரப்பும் வாட்டர் பிரஷ் ஒன்று பைக்குள் இருக்கட்டும். கப் தூக்க வேண்டாம். ஆனால் பெரிய வாஷுக்கு அது உதவாது.

வாங்கினால் போதுமா?

தண்ணி கப்பில் பிரஷ்ஷைத் தலைகீழாக நிறுத்தி வைப்பதுதான் அதைக் கொல்லும் வேகமான வழி. நுனி வளைந்துபோகும். தண்ணி குழலுக்குள் ஏறிப் பசை இளகும், கைப்பிடி பெயின்ட் உரியும். வேலை முடிந்ததும் சாதாரண சோப்பில் அலசி, விரலால் நுனியைக் கூராக்கி, படுக்க வைத்துக் காயவிடுங்கள். காய்ந்த பிறகு மூடியுள்ள டப்பாவில் வைக்கலாம். ஈரத்தோடு மூடினால் பூஞ்சை வரும். அக்ரிலிக் பெயின்ட்டுக்கு இதே பிரஷ்ஷைத் தொடவே கூடாது. அக்ரிலிக் காய்ந்தால் பிளாஸ்டிக், முடியின் அடியில் இறுகிவிடும்.

இப்படிப் பார்த்துக்கொண்டால் ஒரு நல்ல சிந்தெடிக் ரவுண்ட் பல மாதங்கள் உழைக்கும். நுனி மழுங்கினாலும் தூக்கிப்போட வேண்டாம். பெயின்ட் கலக்கவும், மரத்து இலைகளைத் தட்டி வரையவும் அதுதான் பெஸ்ட்!