டி வகுப்பு மிகைப்பியின் வெளியீட்டு மின்தூண்டி உள்ளகம்

டி வகுப்பு ஒலி மிகைப்பியின் வெளியீட்டு மின்தூண்டி என்பது, அவ்வகை ஆம்ப்ளிஃபயரில் சுவிட்சு போல இயங்கும் திரிதடையங்களுக்கும் ஒலிபெருக்கிக்கும் இடையே தொடராக அமையும் கம்பிச்சுருள் ஆகும். இது மின்தேக்கி ஒன்றுடன் சேர்ந்து தாழ்பட்டை வடிகட்டியாக இயங்குகின்றது. இச்சுருளின் உள்ளகத்தை எப்பொருளால் செய்வது என்பது மிகைப்பியின் வெப்பத்தையும் ஒலித் தூய்மையையும் ஒருங்கே பாதிக்கின்றது.

இருவகை மின்னோட்டம்

இச்சுருளில் இரண்டு மின்னோட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பாய்கின்றன. ஒன்று, கேட்கக்கூடிய ஒலிக்குரிய பெரிய, மெதுவான மின்னோட்டம். மற்றொன்று, நிலைமாற்ற அதிர்வெண்ணில் முக்கோண வடிவில் ஏறி இறங்கும் சிறிய குற்றலை மின்னோட்டம்.

எடுத்துக்காட்டாக, நேர் 30, எதிர் 30 வோல்ட்டு வழங்கலில் இயங்கும் அரைப்பாலச் சுற்று ஒன்று 400 கிலோஹெர்ட்சில் நிலைமாறி, 4 ஓம் ஒலிபெருக்கியை இயக்குவதாகக் கொள்வோம். 22 மைக்ரோஹென்றி மின்தூண்டியும் 0.68 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் சேர்ந்தால் வெட்டு அதிர்வெண் ஏறத்தாழ 41 கிலோஹெர்ட்சு ஆகும். ஒலி மின்னோட்டத்தின் உச்சம் 7.5 ஆம்பியரை எட்டக்கூடும். குற்றலையோ முகட்டிலிருந்து அகடு வரை ஏறத்தாழ 1.7 ஆம்பியர் மட்டுமே.

குற்றலை மிகுதியாக இருப்பது பாட்டு உரக்க ஒலிக்கும்போதன்று; ஒலியே இல்லாதபோதுதான். அப்போது சதுர அலையின் இரு பாதிகளும் சம நீளமாக இருப்பதே காரணம். ஆகவே பொருந்தாத உள்ளகம் கொண்ட மிகைப்பி, எதையும் இசைக்காமலே சூடேறுகின்றது.

இரும்புத்தூள்

காந்தத் தயக்கமும் சுழல் மின்னோட்டமும் உள்ளகத்தில் ஆற்றலை இழக்கச் செய்கின்றன. அதிர்வெண்ணும் காந்தப்பாய அடர்த்தியின் ஏற்ற இறக்கமும் கூடக்கூட இவ்விழப்பு விரைந்து பெருகும்.

கணினி மின்வழங்கிகளில் பரவலாகக் காணப்படும் மஞ்சள்-வெள்ளை வளையம் 26 என்னும் எண்ணால் குறிக்கப்படும் இரும்புத்தூள் வகை. அதன் சார்பு உட்புகுதிறன் 75. சிவப்பு வண்ணம் பூசிய 2 என்னும் கார்போனைல் இரும்பு வகையின் உட்புகுதிறன் வெறும் 10. ஏறத்தாழ 27 மில்லிமீட்டர் வெளிவிட்டமுள்ள, 106 என்னும் அளவு வளையத்தில் 22 மைக்ரோஹென்றி பெற முதல் வகையில் 15 சுற்றுகள் போதும். இரண்டாவதில் 40 சுற்றுகள் வேண்டும். முதலாவதே சிக்கனம் எனத் தோன்றும். ஆனால் சுற்றுகள் குறைந்தால் அதே குற்றலை மின்னோட்டத்திற்குப் பாய அடர்த்தியின் வீச்சு கூடுகின்றது. அத்துடன் 26 வகை, நூற்றுக்கணக்கான கிலோஹெர்ட்சில் இயல்பாகவே இழப்பு மிகுந்தது. பழைய மின்வழங்கியிலிருந்து எளிதில் கழற்றி எடுக்கலாம் என்பதே அதன் கவர்ச்சி. நீடித்த வெப்பத்தில் தூளைப் பிணைக்கும் கரிமப் பசை சிதைந்து, இழப்பு மேலும் கூடும். சிவப்பு வகையில் நீண்ட கம்பியின் மின்தடையைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

திரிபு

தூள் உள்ளகங்களில் மின்னோட்டம் கூடும்போது உட்புகுதிறன் படிப்படியாகக் குறைகின்றது. உட்புகுதிறன் மிகுந்த வகைகளில் இக்குறைவு பெரிது. மின்வழங்கியில் தூண்டல் எண் 20 அல்லது 30 விழுக்காடு குறைந்தாலும் பெரும்பாலும் தீங்கில்லை. ஒலி மிகைப்பியில் அதுவே குறை. ஒலி அலையின் இரு உச்சங்களிலும் தூண்டல் எண் ஒரேபோல் குறைவதால், முதன்மையாக மூன்றாம் சீரிசை தோன்றுகின்றது.

22 மைக்ரோஹென்றியின் மறிப்பு 1 கிலோஹெர்ட்சில் ஏறத்தாழ 0.14 ஓம்; 20 கிலோஹெர்ட்சில் 2.8 ஓம். எனவே 1 கிலோஹெர்ட்சில் மட்டும் செய்யப்படும் அளவீடு இத்திரிபை ஏறக்குறைய மறைத்துவிடும். 6 கிலோஹெர்ட்சுத் தொனியைக் கொடுத்து, 18 கிலோஹெர்ட்சில் தோன்றும் சீரிசையை அளந்தால் உள்ளகத்தின் குணம் தெரியவரும்.

பிற பொருட்கள்

செண்டஸ்ட் என்பது இரும்பு, சிலிக்கான், அலுமினியம் ஆகியவற்றின் கலப்புலோகத் தூள். 1930களில் சப்பானின் செண்டாய் நகரில் உருவானதால் இப்பெயர் பெற்றது. இதன் தெவிட்டல் ஏறத்தாழ 1 டெஸ்லா. இழப்பு 26 வகையைவிட மிகக் குறைவு. நிக்கல், இரும்பு, மாலிப்டினம் கலந்த தூளின் இழப்பு அதனினும் குறைவு. நிக்கல் மிகுந்திருப்பதால் விலை கூடுதல்.

மாங்கனீசு-துத்தநாக ஃபெரைட்டின் இழப்பு இத்தூள்கள் அனைத்தினும் குறைந்தது. அதன் காந்தப் பாதையில் காற்று இடைவெளி விட்டால், தெவிட்டும் எல்லை வரை தூண்டல் எண் ஏறக்குறைய மாறாதிருக்கும். ஆனால் தெவிட்டல் 0.4 முதல் 0.5 டெஸ்லாவில், திடீரென வருகின்றது. வெப்பம் ஏறினால் இன்னும் முன்னதாகவே வரும். அக்கணத்தில் மின்னோட்டம் கட்டுக்கடங்காது உயர்ந்து திரிதடையங்கள் அழியக்கூடும். எனவே மேற்கண்ட சுற்றில் 7.5 ஆம்பியருக்கன்று, குறுக்குச்சுற்றுக் காப்பு செயற்படும் மின்னோட்டத்திற்கே உள்ளகத்தை அளவிட வேண்டும். காற்று இடைவெளிக்கு அருகில் கம்பி சுற்றினால், வெளியே பரவும் காந்தப்புலம் கம்பியையே சூடாக்கும்.

உள்ளகமற்ற காற்றுச் சுருளுக்குத் தெவிட்டலும் இல்லை, தயக்கமும் இல்லை. எனினும் அதன் புலம் சுற்றிலும் பரவி வானொலி இடையூறு விளைவிப்பதால், இங்கு அரிதாகவே பயன்படுகின்றது.

பின்னூட்டத்தின் பங்கு

பின்னூட்டத்தை வடிகட்டிக்கு முன் எடுக்கும் மிகைப்பிகளில் மின்தூண்டியின் திரிபு திருத்தப்படாமலே ஒலிபெருக்கியை அடைகின்றது. புரூனோ புட்செய்சு பிலிப்சு நிறுவனத்தில் பணியாற்றியபோது உருவாக்கிய யூசிடி அமைப்பில் பின்னூட்டம் வடிகட்டிக்குப் பின் எடுக்கப்படுகின்றது. இதனால் அத்திரிபு பெருமளவு குறைகின்றது. உள்ளகத்தின் வெப்ப இழப்பை இம்முறை குறைப்பதில்லை.