தமிழ்நாட்டில் உள்ளடக்கிய கல்வி

உள்ளடக்கிய கல்வி என்பது மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகள், தமக்குத் தேவையான துணைச் சேவைகளைப் பெற்று, பிற குழந்தைகளுடன் ஒரே பள்ளியில் பயிலும் முறை ஆகும். விருதுநகர் மாவட்டத்தின் காரியாபட்டி உள்ளிட்ட ஒன்றியங்களில் இப்பணி வட்டார வள மையங்களின் வழியாக நடைபெறுகின்றது.

சட்ட உரிமைகள்

1995 ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளையே ஏற்றது. 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தன்மயம் (ஆட்டிசம்), குறிப்பிட்ட கற்றல் குறைபாடு ஆகியன உட்பட 21 வகைகளை ஏற்கின்றது. குறைபாட்டு அளவு 40 விழுக்காட்டிற்குக் குறையாதோர்க்கு இச்சட்டம் 18 அகவை வரை இலவசக் கல்வி அளிக்கின்றது. ஆயினும் அரசுப் பள்ளியில் சேர்வதற்கு இச்சான்று நிபந்தனை அன்று. 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி 6 முதல் 14 அகவை வரையுள்ள எக்குழந்தைக்கும் சேர்க்கை மறுக்கப்படலாகாது.

சேவை பெறும் முறை

பெற்றோர் தலைமையாசிரியரையோ வட்டார வள மையத்தையோ அணுகலாம். மருத்துவ முகாமில் குழந்தையின் தேவை மதிப்பிடப்படுகின்றது. பின்னர் சிறப்பாசிரியரின் பயிற்சி, இயன்முறைச் சிகிச்சை, உதவிக் கருவிகள் ஆகியன தேவைக்கேற்ப வழங்கப்படுகின்றன.

இல்லம்சார் கல்வி

கடும் குறைபாடு அல்லது பல்வகைக் குறைபாடு உடைய குழந்தைகள் இல்லத்திலேயே கற்க 2012 ஆம் ஆண்டுத் திருத்தம் வழிசெய்தது. இது குழந்தையின் விருப்பத் தெரிவே ஆகும். பள்ளியில் சேர்க்க மறுப்பதற்குரிய காரணம் அன்று.