மூன்று கூறுகள், ஒரு விசை: திருவனந்தபுரத்தில் புவிக் காந்த அளவீடு, 1837–1964

விசையை வடக்கு, கிழக்கு, கீழ் என ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று கூறுகளாகப் பிரித்து அளப்பதும், அவற்றைக் கூட்டி மொத்த விசையை அறிவதும் புவிக் காந்தவியலின் அடிப்படை. இம்முறை திருவனந்தபுரத்தில் வேரூன்றிய விதத்தையும், காந்த நடுக்கோட்டை ஒட்டிய அமைவிடம் அந்தக் கூட்டலை எளிதாக்கியதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

1. மன்னரின் வானாய்வகம்

இன்றைய தம்பானூர் ரயில் நிலையத்துக்கு வடக்கே, பாளையத்தை அடுத்த குன்றின்மேல், 1837-இல் சுவாதித் திருநாள் மகாராஜா வானாய்வகம் நிறுவினார். ஆலப்புழையில் திருவிதாங்கூரின் வணிக முகவராக இருந்த ஜான் கால்டிகாட் அதன் முதல் இயக்குநர். கெட்டிங்கனில் காஸும் வெபரும் தொடங்கிய காந்த அளவீட்டு இயக்கம் அப்போது உலகெங்கும் பரவிவந்தது. கால்டிகாட் ஐரோப்பா சென்று கருவிகள் வாங்கிவந்து, 1840-களின் தொடக்கத்தில் திருவனந்தபுரத்தையும் அதில் இணைத்தார். கிப்ஸும் ஹெவிசைடும் இன்றைய திசையன் கணிதத்தை வகுத்தது 1880-களில்தான்; கூறுகளை அளக்கும் வழக்கம் அதற்கு நாற்பது ஆண்டு மூத்தது.

2. புரூனின் கருவிகள்

1852 முதல் 1865 வரை இயக்குநராக இருந்த ஜான் ஆலன் புரூன் மூன்று வகைக் கருவிகளைப் பயன்படுத்தினார். ஒன்று, ஊசி வடக்கிலிருந்து விலகும் காந்த ஒதுக்கத்தைக் காட்டியது. இரண்டாவதில், இரண்டு இழைகளில் தொங்கும் காந்தம் முறுக்கப்பட்டு, காந்த வடக்குக்குக் குறுக்கே நின்றது. கிடைத்தளக் கூறு கூடினாலோ குறைந்தாலோ அது சற்றே திரும்பும். மூன்றாவது, தராசுக்கோல்போல் கத்திமுனையில் அமர்ந்த காந்தம். செங்குத்துக் கூறு மாறினால் அது சாயும். 1855-இல் அகத்தியமலையில், 6,000 அடிக்கு மேல், துணை ஆய்வகமும் அமைத்தார். தொலைதூர நிலையங்களின் பதிவுகளோடு ஒப்பிட்டு, கிடைத்தள விசையின் தினசரிச் சராசரி உலகெங்கும் ஏறத்தாழ ஒன்றுபோலவே ஏறி இறங்குகிறது என்று காட்டினார்.

3. நடுக்கோட்டில் கூட்டல்

மொத்த விசை என்பது மூன்று கூறுகளின் வர்க்கங்களைக் கூட்டி எடுத்த வர்க்கமூலம். காந்த நடுக்கோட்டை ஒட்டியிருப்பதால் திருவனந்தபுரத்தில் செங்குத்துக் கூறு மிகச் சிறியது. புலம் ஏறத்தாழ வடக்கு நோக்கிக் கிடையாகவே நிற்கிறது. அதன் அளவைத் தோராயமாக 40,000 நானோடெஸ்லா எனக் கொள்வோம். வடக்கு நோக்கி 100 சேர்ந்தால் மொத்தம் 40,100. அதே 100 செங்குத்தாகச் சேர்ந்தால் மொத்தம் 40,000.125 மட்டுமே.

4. தும்பா

காந்த நடுக்கோட்டுக்கு மேலே பகலில் கிழக்கு நோக்கி ஓடும் மின்னோட்டத்துக்கு 1951-இல் சிட்னி சாப்மன் ‘எலக்ட்ரோஜெட்’ என்று பெயரிட்டார். அதை ஆராய ஏற்ற இடம் என்பதாலேயே விக்ரம் சாராபாய் திருவனந்தபுரத்தை ஒட்டிய தும்பாவை ராக்கெட் ஏவுதளமாகத் தேர்ந்தார். 1963 நவம்பர் 21-இல் முதல் ராக்கெட் அங்கிருந்து எழுந்தது. 1964 ஜனவரியில் நைக்-அப்பாச்சி ராக்கெட்டுகள் புரோட்டான் காந்தமானியைச் சுமந்து சென்றன. அக்கருவி மொத்த விசையின் அளவை மட்டுமே தரும், திசையைத் தராது. ஆனால் எலக்ட்ரோஜெட்டின் புலம், மின்னோட்டத்துக்குக் கீழே வடக்கு நோக்கியும் மேலே தெற்கு நோக்கியும் இருப்பதால், புவிப்புலத்தோடு கீழே கூடியும் மேலே கழிந்தும் பதிவாகும். கூட்டல் கழித்தலாக மாறும் உயரமே மின்னோட்டம் ஓடும் உயரம்; அது ஏறத்தாழ 105 கிலோமீட்டர்.

5. முடிவுரை

காந்தச் சரிவு, அதாவது புலம் கிடைத்தளத்திலிருந்து சாயும் கோணம், 60 பாகையாக உள்ள ஊரில், வடக்கு நோக்கிய 100 நானோடெஸ்லா மொத்த விசையில் 50-ஆக மட்டுமே தெரியும். தும்பாவில் அது முழுதாகத் தெரிந்தது. புரூனுக்கு மூன்று கருவிகள் தேவைப்பட்ட ஊரில், நூறாண்டுக்குப் பின் மின்னோட்டம் ஓடும் உயரத்தை அறிய ஒரே கருவி போதுமானதற்கு, கருவியின் நுட்பத்துக்கு இணையாக ஊரின் அமைவிடமும் காரணம்.