அரங்கேற்றமும் அச்சேற்றமும்

அரங்கேற்றம் என்ற வார்த்தையை இந்தக் காலத்தில் நாம் பரத நாட்டியத்துக்கே எழுதிக் கொடுத்துவிட்டோம். முன்னாளில் அது புலவர்களின் சொத்தாயிருந்தது. நூலை இயற்றியவர் கற்றோர் கூடிய சபையில் அதைப் படித்துக் காட்ட வேண்டும். கேட்பவர்கள் ஆட்சேபம் எழுப்புவார்கள். ஆசிரியர் சமாதானம் சொல்ல வேண்டும். சபை ஒப்புக்கொண்ட பிறகுதான் நூல் ஊருக்குள் புறப்படும்.

காஞ்சீபுரம் குமரகோட்டத்தில் கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணத்தை அரங்கேற்றிய கதை நேயர்களுக்குத் தெரிந்திருக்கும். நூலின் முதல் அடியை முருகப் பெருமானே எடுத்துக் கொடுத்தார் என்பது ஐதிகம். அந்த அடியின் ஆரம்பத்திலேயே ஒரு புலவர் குறுக்கிட்டு, "இந்தப் புணர்ச்சிக்கு இலக்கணத்தில் விதி எங்கே?" என்று கேட்டுவிட்டாராம். சோழ நாட்டிலிருந்து ஒருவர் வீரசோழியம் என்னும் இலக்கண நூலுடன் வந்து விதியைக் காட்டிய பிறகே அரங்கேற்றம் மேலே நடந்ததாம். கதை உண்மையோ கற்பனையோ, அதைக் கட்டியவர்களின் மனப்போக்கு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. தெய்வம் கொடுத்த அடியானாலும் கேள்வி கேட்டுத்தான் ஏற்றுக்கொள்வோம் என்றார்கள் அல்லவா?

கேள்வி கேட்பதற்கு அவர்களிடம் ஓர் அளவுகோலும் இருந்தது. நன்னூல் பத்துக் குற்றங்களை எண்ணிச் சொல்கிறது. குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல் என்ற நான்கை மட்டும் கதாசிரியர்கள் மேஜைக்கு எதிரே எழுதி ஒட்டிக்கொண்டால் போதும்.

அச்சு யந்திரம் வந்தது, சபை கலைந்தது. பத்திரிகைகள் வந்தன, நாவல் தவணை முறையில் வெளிவரத் தொடங்கியது. ராஜமையரின் 'கமலாம்பாள் சரித்திரம்' 1893 முதல் 1895 வரை 'விவேக சிந்தாமணி'யில் வந்து, 1896-ல் புஸ்தகமாயிற்று. தொடர்கதையில் ஒரு விசேஷ அபாயம் உண்டு. பத்தாவது அத்தியாயத்தை எழுதும்போது முதல் அத்தியாயம் வாசகர் கைக்குப் போய்விட்டிருக்கும். "எல்லாவற்றையும் பிற்பாடு சாவகாசமாகத் திருத்திக்கொள்ளலாம்" என்று மனம் தேறுதல் சொல்லும். ஆனால் சாவகாசம் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. ராஜமையர் 1898-ல் காலமானபோது அவருக்கு வயது 26. 'பொன்னியின் செல்வன்' தொடர் முடிந்தது 1954-ல். அதே வருஷம் டிசம்பரில் கல்கி மறைந்தார்.

சீமையிலும் தொடர்கதைதான். ஆனால் சார்லஸ் டிக்கன்ஸ் 1861-ல் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலின் முடிவை அச்சுக்குப் போகும் தறுவாயில் சிநேகிதரான புல்வர் லிட்டனிடம் காட்டினார். அவர் அந்த முடிவு வேண்டாம் என்றார். டிக்கன்ஸ் மாற்றி எழுதினார். எந்த முடிவு சிறந்தது என்று ரசிகர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். நான் கவனிப்பது வேறு. புகழின் உச்சியில் இருந்த மனிதர் இன்னொருவரின் ஆட்சேபத்துக்குக் காது கொடுத்தார். அதுவும் வெளியிடுவதற்கு முன்பு.

நம் நாட்டில் இந்தக் காரியத்தை ஒரு தொழிலாகவே மதித்துச் செய்தவர் க்ரியா ராமகிருஷ்ணன். 1974-ல் பதிப்பகம் தொடங்கி, 2020-ல் மறையும் வரையில் ஆசிரியர்களுடன் உட்கார்ந்து பிரதியைச் செம்மைப்படுத்துவதைத் தம் கடமையாகக் கொண்டிருந்தார். இமையத்தின் முதல் நாவலான 'கோவேறு கழுதைகள்' 1994-ல் அங்கிருந்துதான் வெளிவந்தது. கலைந்துபோன சபை ஒரு மனிதரின் உருவில் திரும்பி வந்தது என்றே சொல்லலாம்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் தம் முதல் நாவலின் கையெழுத்துப் பிரதியுடன் என்னிடம் வந்தார். நிலத்தை விற்றுவிட்ட தாய், அதே நிலத்தில் எழும்பிய ஆலையின் வாசலில் மகனுக்காகச் சாப்பாட்டுத் தூக்குடன் நிற்கும் கட்டம் என்னைக் கலக்கிவிட்டது. ஆனால் கதை நடப்பது 1965-ல். சிப்காட் நிறுவனம் பிறந்ததே 1971-ல்தான்! 1938-ல் நடக்கும் கல்யாணத்துக்கு வந்தவர்கள் பூண்டி ஏரிக்கரையில் உலாவுகிறார்கள். அந்த நீர்த்தேக்கம் கட்டி முடிந்தது 1944-ல். கதாநாயகனுக்கு வரும் கடிதத்தில் 'திருவள்ளூர் மாவட்டம்' என்று விலாசம். அந்த மாவட்டம் செங்கற்பட்டிலிருந்து பிரிந்தது 1997-ல்.

"இதையெல்லாம் யார் சார் கவனிக்கப் போகிறார்கள்?" என்றார்.

"பொன்னேரியில் ஒரு பெரியவர் கவனிப்பார், தம்பி. ஏரிக்கரையில் அவர் ஒரு தடவை சிரித்துவிட்டால், ஆலை வாசலில் உங்களோடு சேர்ந்து அழமாட்டார்" என்றேன்.

அவர் யோசித்தார். "உங்கள் ஆலையில் சோதனை பார்க்காத சரக்கை லாரியில் ஏற்றுவார்களா?" என்று கேட்டேன். "கேட்டைத் தாண்டாது, சார்" என்று சிரித்தார். பிரதியைத் திரும்ப எடுத்துப் போனார். கதையைப் பதினைந்து வருஷம் தள்ளி வைத்து எழுதிவிட்டு மறுபடி வந்தார். அந்தத் தாயின் கட்டத்துக்குப் பிறகு அதை விளக்கி ஒரு பக்கம் எழுதியிருந்தாரே, அது போய்விட்டது. நான் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, தாமாகவே அடித்திருந்தார். திருத்தப் பழகிய கண்ணுக்கு மிகைபடக் கூறல் தானே தெரிந்துவிடுகிறது.

பழைய சபையை இனிக் கூட்ட முடியாது. ஆனால் மூன்று பேரைத் தேடிப் பிடிக்கலாம்: பாஷை தெரிந்தவர் ஒருவர், கதை நடக்கும் ஊரை அறிந்தவர் ஒருவர், நம்மிடம் அளவுக்கு மீறிப் பிரியம் இல்லாதவர் ஒருவர். அவர்கள் மூவரும் படித்துவிட்டு ஆட்சேபம் சொல்லட்டும். பிறகு அச்சாபீஸுக்குப் போகலாம். இரண்டாம் பதிப்பு வருமா, வரும்போது நாம் இருப்போமா என்பதெல்லாம் நம் வசத்தில் இல்லை. கையெழுத்துப் பிரதி இன்று நம் மேஜை மேல்தானே இருக்கிறது?